ஷாஃப்ட் வண்டி போடும் சத்தங்கள்: கேட்டுப் பழகும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வளர்ந்த நம்முடைய காது செயின் வண்டிக்குப் பழகிய காது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு, போகும் கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிள், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் நுழையும் கப்சாய், பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிச் செல்லும் கப்சாய் என்று எல்லாமே செயின். செயின் தளர்ந்தால் சலசலக்கும். இறுக்கி எண்ணெய் விட்டால் அடங்கும். அந்தக் காதோடு ஒருவர் ஷாஃப்ட் வண்டி ஒன்றை, அதாவது செயினுக்குப் பதில் இரும்புத் தண்டு பின்சக்கரத்தைச் சுழற்றும் பழைய யமஹா விராகோ 535 ஒன்றையோ, இரு பக்கமும் சிலிண்டர் நீட்டி நிற்கும் பி.எம்.டபிள்யூ பாக்ஸர் ஒன்றையோ வாங்கி வந்து வாசலில் நிறுத்தினால், முதல் வாரத்திலேயே தூக்கம் போய்விடும். கியர் போட்டால் 'டொக்'. ஆக்சிலேட்டரை விட்டால் மீண்டும் 'டொக்'. மெதுவாகப் போனால் லாரியின் பின் அச்சு போல ஒரு முனகல்.

எனக்கும் போனது. விராகோவை வாங்கிய பத்தாம் நாள், நியூட்ரலில் நிற்கும்போது கேட்ட கடகடப்புக்குப் பயந்து பட்டறைக்குக் கொண்டுபோனேன். கிளட்ச் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார்கள், கழற்றினார்கள், ஒன்றுமில்லை என்று மூடினார்கள். புது கேஸ்கெட்டும் கூலியுமாக 280 வெள்ளி (ரிங்கிட்). கிளட்ச் பிடியை ஒரு முறை இழுத்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் அந்தப் பணம் என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கும். அந்த 280 வெள்ளிப் பாடத்தைத்தான் இங்கே இலவசமாகத் தருகிறேன்.

உள்ளே என்ன சுற்றுகிறது

செயின் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் தண்டு. அதன் ஒரு முனையில் யூனிவர்சல் ஜாயின்ட். பின்சக்கரம் குதிக்கும்போது தண்டு வளைந்து கொடுப்பதற்கு அதுதான் முட்டி. பின்முனையில், சக்கரத்தின் பக்கத்தில் உருண்டையாகத் தெரியும் பெட்டிக்குள், கிரவுனும் பினியனும். நீளவாக்கில் சுற்றும் தண்டின் சக்தியை இந்த இரண்டு பற்சக்கரங்கள் சேர்ந்து செங்கோணத்தில் திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கின்றன.

பி.எம்.டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32, 1923இல் வந்தபோதே ஷாஃப்ட்தான். பாக்ஸரில் என்ஜினின் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு, வண்டியின் நீளவாக்கில் சுற்றுவதால், சக்தி ஒரே இடத்தில், சக்கரத்தருகே மட்டும் திரும்பினால் போதும். விராகோவில் கிராங்க் குறுக்காகச் சுற்றுகிறது. ஆகவே கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும்போது ஒரு திருப்பம், சக்கரத்தருகே இன்னொரு திருப்பம். திருப்பம் கூடினால் பற்களுக்கு இடையிலான இடைவெளியும் கூடும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் சூடேறி விரியும் பற்கள் இறுகிப்போகும். நீங்கள் கேட்கும் 'டொக்'குகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மூடுகிற சத்தம்தான்.

என் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். விராகோவின் முனகலை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, "இதற்கா பயந்தாய்? டிராக்டரின் பின் அச்சு இதைவிடச் சத்தமாகக் கத்துமே" என்றார். சொந்தக்காரர்கள்தான், இரண்டிலும் கிரவுன் பினியன்.

முதல் படி: என்ஜின் இல்லாமல் கேளுங்கள்

அதிகாலையில், சாலை ஓயும் நேரத்தில், நியூட்ரலில் வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு நடங்கள். பிரேக் பேட் வட்டில் உரசும் 'ஸ்ஸ்' கேட்கும். பின்பெட்டியிலிருந்து மிக மெல்லிய 'டிக்… டிக்…' வரலாம். பற்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சத்தம் அது. குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருப்பதால் செயின் வண்டியைவிடத் தள்ளுவதற்குச் சற்றுக் கனமாகவும் தோன்றும். கவலைப்படாதீர்கள். ஆனால் 'நறநற' என்று மணல் அரைவதுபோல ஒன்று கேட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

இரண்டாம் படி: நியூட்ரலில் நின்றபடி

என்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் கைகளை எடுத்துவிட்டுக் கேளுங்கள். கடகடவென்று, தகரப் பெட்டிக்குள் கோலிக்குண்டு உருட்டுவதுபோல ஒரு சத்தம் வரலாம். இப்போது கிளட்ச் பிடியை முழுதாக இழுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? பிடியை விட்டதும் திரும்ப வருகிறதா? அப்படியானால் அது கியர்பாக்ஸுக்குள் சுமையின்றிச் சும்மா சுற்றும் பற்கள், என்ஜினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னும் பின்னும் தட்டிக்கொள்வது. இரட்டை சிலிண்டர் வண்டிகளில், அதுவும் மெதுவான ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தில்), இது இயல்பு. ஐடிலைச் சற்று ஏற்றினாலே பெரும்பாலும் அடங்கும். நான் 280 வெள்ளி கொடுத்த சத்தம் இதுதான்.

நேர்மாறாக, பிடியை இழுத்ததும் புதிதாக ஒரு கிறீச்சிடல் தொடங்கினால், அது கிளட்ச்சை விலக்கும் பேரிங்கின் குரலாக இருக்கலாம். அதைப் பட்டறையில் காட்ட வேண்டும்.

மூன்றாம் படி: முதல் கியர்

ஷாஃப்ட் வண்டியில் முதல் கியர் போடுவது கதவில் தாழ்ப்பாள் போடுவதுபோலத்தான் கேட்கும். விராகோ போல கிளட்ச் எண்ணெயில் நனையும் வண்டிகளில், நீங்கள் பிடியை இழுத்திருந்தாலும் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால் கிளட்ச் தட்டுகள் கொஞ்சம் சுற்றிக்கொண்டே இருக்கும், சக்கரமோ நிற்கிறது. சுற்றுவதும் நிற்பதும் சட்டென்று பிணையும்போது அந்த அடி தண்டு வழியாகப் பின்பெட்டி வரை ஓடுகிறது. செயினாக இருந்தால் அது தொய்ந்து பாதியை விழுங்கிவிடும், தண்டு விழுங்காது. பல வண்டிகளில் இந்த அடியைத் தணிக்கத் தண்டோடு ஒரு ஸ்பிரிங் அமைப்போ சக்கரத்தில் ரப்பரோ இருக்கிறது. ஆனாலும் 'டொக்' மிஞ்சும்.

குறைக்க வழி உண்டு: பிடியை இழுத்து இரண்டு மூன்று விநாடி பொறுத்து, பிறகு கியரைப் போடுங்கள். ஐடில் கையேட்டில் சொன்னதைவிட அதிகமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காலையில் சத்தம் கூடுதலாகவும் சூடேறியபின் குறைவாகவும் இருப்பது சரியான அடையாளம்.

நான்காம் படி: ஓட்டிக்கொண்டே கேட்பது

இதற்கு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான்.

இடத்தைத் தேர்வதில் ஒரு தந்திரம் உண்டு. லிந்தாங் செல்லும் சாலையில், இரு பக்கமும் திறந்த தோட்டம் இருக்கும் இடத்தில், சத்தம் சிதறிப் போய்விடும். காற்றுதான் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை விடியலில், கடைகள் திறக்கும் முன், டவுனின் கடை வரிசையை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மூடிய இரும்புக் கதவுகளும் சுவர்களும் வண்டியின் சத்தத்தை அப்படியே உங்கள் காதுக்குத் திருப்பித் தரும். ஒரு முறை போய்வந்தாலே வண்டியின் முழுக் குரலும் பிடிபடும்.

இப்போது மூன்று சோதனை. நேரான, ஆளில்லாத சாலையில் மட்டும் செய்யுங்கள். ஈப்போ நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவில் வேண்டாம்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் மூன்றாம் கியரில் போங்கள். அதே வேகத்தில் நான்காம் கியருக்கு மாற்றுங்கள். என்ஜின் சுழற்சி இறங்கும். சக்கர வேகம் மாறாது. சத்தத்தின் சுருதி இறங்கினால் அது என்ஜின் அல்லது கிளட்ச் பக்கம். சுருதி அப்படியே நின்றால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால்: தண்டு, கிரவுன் பினியன், சக்கரம், டயர்.

அடுத்து, அதே வேகத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள், பிறகு மூடுங்கள். சக்தி கொடுக்கும்போது பல்லின் ஒரு முகம் தாங்குகிறது, மூடினால் மறுமுகம். ஆகவே கிரவுன் பினியனின் முனகல் கொடுக்கும்போது ஒருவிதமாகவும் விடும்போது இன்னொரு விதமாகவும் இருக்கும். மூடியதும் முனகல் சற்று உரக்கக் கேட்டாலும் திகிலடைய வேண்டாம். ஆக்சிலேட்டருக்கு எந்த மாற்றமும் காட்டாமல் ஒரே மாதிரி 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது பெரும்பாலும் டயர். பாதிப் பேர் பட்டறைக்குக் கொண்டுவரும் 'பின் அச்சுச் சத்தம்' முரட்டுப் பூ வெட்டிய டயரின் இரைச்சல்தான் என்பது என் கணிப்பு. தாரிலிருந்து சிமெண்டுத் தளத்துக்குப் போகும்போது குரல் மாறினால் சந்தேகமே இல்லை.

மூன்றாவதாக, உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுச் சட்டென்று கொடுங்கள். 'டொக்… டொக்'. இடைவெளி இரு பக்கமும் மூடுகிறது. கொடுக்கும்போது வண்டியின் பின்பகுதி சற்று எழும்புவதையும் உணர்வீர்கள். பழைய ஷாஃப்ட் வண்டிகளுக்கு அது பிறவிக்குணம். பி.எம்.டபிள்யூ பாக்ஸரை நின்றபடி முறுக்கினால் பக்கவாட்டில் சாய முயல்வதும் அப்படித்தான். 'டொக்' ஒரு முறை கேட்பது சரி. ஒரே தரத்தில் மாதக்கணக்கில் இருப்பதும் சரி. பரபரவென்று முறுக்கும் கையை மெதுவாக்கினாலே பாதி மறைந்துவிடும்.

ஐந்தாம் படி: சக்கரத்தை உயர்த்தி

பாக்ஸர் போன்றவற்றில் நடு ஸ்டாண்டு இருக்கும். விராகோவில் கிடையாது, சட்டத்துக்கு அடியில் ஜாக் வைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். என்ஜினை அணைத்துவிடுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்: என்ஜின் ஓட, சக்கரம் சுற்ற, விரலை அருகே கொண்டுபோகக் கூடாது.

சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது என்ஜினை ஓட்டிக் கியர் போட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. கேட்டால் கண்டிப்பாகப் பயப்படுவீர்கள், கண்டிப்பாகத் தவறான முடிவுக்கு வருவீர்கள். சுமை இல்லாததால் பற்கள் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். சக்கரம் தொங்குவதால் யூனிவர்சல் ஜாயின்ட் வழக்கத்தைவிட அதிகம் வளைந்திருக்கும். வளைந்து சுற்றும் ஒற்றை ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அந்தக் கடபுடாவை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

என்ஜின் அணைந்த நிலையில் செய்ய வேண்டியது இரண்டு. முதல் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ஓர் எல்லை வரை சும்மா நகர்ந்து 'களக்' என்று நிற்கும். டயரில் ஒரு சுண்ணக்கோடு போட்டு அந்த நகர்வை அளந்து எழுதி வையுங்கள். வண்டிக்கு வண்டி இது மாறுவதால் அடுத்தவரின் அளவு உங்களுக்கு உதவாது. ஆறு மாதம் கழித்து உங்கள் வண்டியின் அளவே கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துக் குறுக்காக அசையுங்கள். இங்கே ஆட்டம் தெரிந்தால், அதிலும் பின்பெட்டியில் எண்ணெய் கசிந்து விளிம்பில் தெறித்திருந்தால், பேரிங் போகிறது. அதோடு ஓட்டாதீர்கள்.

ஆறாம் படி: எண்ணெயிடம் கேட்பது

காதுக்கு எட்டாததை எண்ணெய் சொல்லிவிடும். பின்பெட்டியில் இருப்பது சுமார் 200 மில்லிலிட்டர், சில வண்டிகளில் அதற்கும் குறைவு. கையேடு சொல்லும் ஹைப்பாய்ட் கியர் எண்ணெயையே ஊற்றுங்கள். கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிய பின் வடிக்க வேண்டும். முதலில் மேலே நிரப்பும் போல்ட்டைத் தளர்த்துங்கள், பிறகுதான் கீழே வடிக்கும் போல்ட். மேலுள்ளது துருப்பிடித்து அசைய மறுத்தால், வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள்.

வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிற மசி மாவுபோல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் செதிலோ துண்டோ இருந்தால் இயல்பல்ல. எண்ணெய் பால் கலந்த கோப்பி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்து ஓடைகளைக் கடந்து திரிபவர்கள் இதைப் பார்க்க நேரும். திரும்ப நிரப்பும்போது, வண்டி நேராக நிற்க, பொதுவாக நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை போதும். கூடுதலாக ஊற்றினால் சீல் கசியத் தொடங்கும்.

பட்டறைக்குப் போக வேண்டிய சத்தங்கள்

வேகம் ஏற ஏற உறுமலாகத் தடிக்கும் சத்தம், முன்பு இல்லாதது: பின்பெட்டி பேரிங். சக்கர வேகத்தோடு தாளம் பிசகாமல் ஏறும் 'டக்டக்டக்', கூடவே காலடியில் அதிர்வு: யூனிவர்சல் ஜாயின்ட், தண்டை மூடிய ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தால் செந்துருப் பொடி இருக்கும். மாதாமாதம் பெருத்துக்கொண்டே போகும் 'டொக்', நறநறப்போடு: ஸ்பிளைன், அதாவது தண்டும் சக்கரமும் கோத்துக்கொள்ளும் வரிப்பற்கள், கிரீஸ் இல்லாமல் காய்ந்து தேய்கின்றன. இதுதான் கொடியது. முழுதாகத் தேய்ந்த அன்று என்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. பின்டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும், சக்கரம் கழன்றிருக்கும்போதே, அந்தப் பற்களைத் துடைத்து மாலிப்டினம் கலந்த கிரீஸைப் பூசச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் பூச மாட்டார்கள்.

பட்டறையில் போய், "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கையில் கிடைத்ததைக் கழற்றுவார்கள். நம் மொழியில் கடகட, நறநற, சலசல என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது. மெக்கானிக்கிடம் அவை நன்றாக வேலை செய்யும். எந்தக் கியர், எந்த வேகம், கை என்ன செய்துகொண்டிருந்தது, எப்போது தொடங்கியது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். நான் போன மாதம் கொடுத்த சீட்டு இவ்வளவுதான்: "நான்காம் கியர், 60, ஆக்சிலேட்டர் விட்டாலும் கொடுத்தாலும் ஒரே உறுமல், டயர் மாற்றியும் போகவில்லை, மூன்று வாரமாக." அவர் வேறு எதையும் தொடாமல் நேராகப் பின்பெட்டியைத்தான் கழற்றினார்.