நடவுக்கு வந்தவர்களுக்கு இலவச மருத்துவ முகாம்: நடத்தும் முறை

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால் டெல்டா முழுவதும் குறுவை நடவுக்கு ஆள் தேடும் பேச்சு தொடங்கிவிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அந்த நடவில் ஒரு பகுதியை மேற்கு வங்கத்திலிருந்து குழுக்களாக வரும் தொழிலாளர்களே முடித்துத் தருகிறார்கள். அரிசி ஆலைகளிலும் சாலை, கட்டடப் பணிகளிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலத்தவர் இருக்கிறார்கள். இவர்களுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்த முன்வரும் அன்பர்கள் ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். நம்மூர் நோயாளியை அடுத்த மாதமும் பார்த்துக்கொள்ளலாம். இவர்கள் சில வாரங்களில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். எனவே கிளம்பும்போது அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டே முகாமின் பயனை அளக்க வேண்டும்.

எங்கள் முதல் முகாமை ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்தோம். மூன்று மருத்துவர்கள் காத்திருந்தும் வந்தவர்கள் நான்கே பேர். ஏக்கர் கணக்கில் கூலி பேசி வந்தவர்களுக்கு ஞாயிறும் வேலைநாள்தான் என்பதை நாங்கள் விசாரித்திருக்க வேண்டும். அதன் பிறகு மாலை ஆறரைக்கு மேல், அவர்கள் தங்கியிருக்கும் கொட்டகைக்கே செல்கிறோம். மேஜை, நாற்காலி, நல்ல வெளிச்சம், பெண்களைப் பரிசோதிக்க மறைப்பு ஆகியவற்றை நாமே கொண்டுபோக வேண்டும்.

இரண்டு வாரம் முன்னதாகவே வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து, கிராம சுகாதார செவிலியரையும் உடன் அழையுங்கள். கர்ப்பிணி ஒருவர் இருந்தால் அவரை அங்கேயே பதிவு செய்யவும், குழந்தைகளுக்கு விடுபட்ட தடுப்பூசிகளைக் கணக்கெடுக்கவும் செவிலியரால்தான் முடியும்.

மொழிபெயர்ப்புக்கு மேஸ்திரியை நம்ப வேண்டாம். ஆட்களைத் திரட்டித் தருவதோடு அவர் பணி முடியட்டும். கூலி கொடுப்பவர் பக்கத்தில் நின்றால் எந்தப் பெண்ணும் வெள்ளைப்படுதலைப் பற்றிப் பேசமாட்டார், எந்த இளைஞரும் மாதக்கணக்கான இருமலை ஒப்புக்கொள்ளமாட்டார். அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுவதால், தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ இந்தி பேசும் மாணவர் கிடைப்பது கடினமில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பிற மாநில மாணவர்கள் படிக்கிறார்கள். வங்காள மொழி தெரிந்தவர் நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசியிலாவது இருக்கட்டும்.

பரிசோதனையில் முதலில் கால்களைப் பாருங்கள். நாள் முழுக்கச் சேற்றில் நின்ற கால்விரல் இடுக்குகள் ஊறி வெளுத்து, ஓரங்களில் பிளந்திருக்கும். களிம்பைக் கையில் திணித்து அனுப்பினால் அது பையிலேயே கிடக்கும். ஒரு தொண்டர் அந்தக் காலைக் கழுவி, இடுக்குகளில் ஈரத்தைப் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, மெல்லப் பூசிக் காட்ட வேண்டும். அதற்கு மொழி தேவையில்லை. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடமாவது உட்கார வையுங்கள். வரப்பிலிருந்து நேராக வந்தவருக்கு ஒரு தடவை 140/90-க்கு மேல் காட்டியதை வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. பலர் ஊசி கேட்பார்கள். தேவையில்லாத ஊசியைப் பொறுமையாக மறுப்பதும் மருத்துவமே. மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து வேளையைக் குறித்தால் எழுத்தறியாதவருக்கும் புரியும்.

இனி, ஒவ்வொருவருக்கும் கொடுத்தனுப்பும் மருத்துவ அட்டை. மற்றதில் எங்கு சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். பெயர், வயது, அளவீடுகள், கண்டறிந்த நோய், மருந்தின் மூலப்பெயரும் அளவும், மருத்துவரின் பதிவு எண், நம் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதித் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கொடுங்கள். தமிழில் எழுதிய சீட்டு மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் யாருக்கும் உதவாது. மருந்துக் கம்பெனியின் வணிகப்பெயரை மட்டும் எழுதினால் அங்கே அதே பெயரில் கிடைக்காமல் போகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரின் சளியை அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். காசநோய் உறுதியானால் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம் நீளும். மருந்து நாடு முழுவதும் அரசு மையங்களில் இலவசம். காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளத்தின் நிக்‌ஷய் பதிவு எண்ணை அட்டையில் எழுதிவிட்டால், அவர் சொந்த ஊர் திரும்பிய பிறகும் அங்குள்ள மையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களிடம் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தின் அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது பிற மாநிலங்களில் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளிலும் செல்லும்.

முகாம் முடிந்த ஏழாம் நாள், மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, மருத்துவமனைக்குப் போனார்களா என்று கேளுங்கள். போகாதவர்களில் பெரும்பாலோர் வழி தெரியாமலோ, ஒருநாள் கூலி போய்விடுமே என்றோ தயங்கியிருப்பார்கள். ஒரு தொண்டர் உடன் போனால் முதல் தயக்கம் தீரும், நில உரிமையாளரிடம் பேசினால் இரண்டாவது தீரலாம். யாருக்கு என்ன நோய் என்று மேஸ்திரியோ உரிமையாளரோ கேட்டால் சொல்லாதீர்கள். பரிசோதனைக்காக அரை நாள் விடுப்பு வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.