அதிவேக ரேமின் வேகத்தைச் சோதிக்கும் முறை

புதிய ரேமைப் பொருத்திய உடனேயே சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்க்கக் கை துடிக்கும். ஆனால் பெட்டியில் அச்சிட்டுள்ள வேகத்தில்தான் அது இயங்குகிறதா என்று உறுதி செய்யாமல் எடுக்கும் அளவீட்டுக்கு மதிப்பில்லை.

முதல் படியாக, ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் கொண்ட மதர்போர்டுகளில், இரண்டு ரேம்களைப் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். இடம் மாறி இரண்டும் ஒரே சேனலில் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான தரவு வழி) அமைந்துவிட்டால், தரவு செல்லும் பாதை பாதியாகக் குறைந்துவிடும். மதர்போர்டின் கையேட்டில் இதற்கான படம் இருக்கும்.

அடுத்து, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதன் பெட்டியில் உள்ள வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் டிடிஆர்5-6000 ரேம்கூட (டிடிஆர்5 என்பது ரேமின் தலைமுறை, 6000 என்பது அதன் வேகம்) 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அமைப்பை மாற்றிய பின் முதல்முறை கணினி தொடங்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் அந்த நேரத்தில் பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். விண்டோஸ் வந்ததும் சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பகுதியில் 3000 மெகாஹெர்ட்ஸ் அளவில் காட்டினால் சரி. ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு அனுப்பப்படுவதால், 6000 என்பது அங்கே பாதியாகத் தெரிகிறது.

வேகத்தை அளக்கும் முன் பிழைச் சோதனை அவசியம். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, நான்கு சுற்றுகள் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைத்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

இனி அளவீடு. பிரவுசர் முதலியவற்றை மூடிவிட்டு, ஐடா64 மென்பொருளின் மெமரி சோதனையை ஐந்து முறை ஓட்டி, நடுவில் அமையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு சேனல் டிடிஆர்5-6000-இன் கோட்பாட்டு உச்சம் வினாடிக்கு 96 ஜிகாபைட். ஏட்டில் உள்ள இந்த எண் திரையில் வராது. எட்டு கோர் ரைசன் 7000 செயலிகளில் வாசிப்பு வேகம் 60 ஜிகாபைட்டைச் சுற்றியே நிற்கும். அதற்குக் காரணம் ரேம் அன்று, செயலியின் உள்பகுதிகளை இணைக்கும் உள்இணைப்பு.

தாமதத்தையும், அதாவது கேட்ட தரவு வந்துசேர ஆகும் நேரத்தையும், கவனியுங்கள். ரேம் எத்தனை துடிப்புகள் கழித்துத் தரவைத் தரத் தொடங்கும் என்பதைச் சொல்வது சிஎல் எண். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோவினாடி கிடைக்கும். டிடிஆர்5-6000 சிஎல்30, டிடிஆர்4-3200 சிஎல்16 இரண்டுக்கும் விடை 10 என்பதால், பெரிய எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து. மென்பொருள் காட்டும் தாமதம் இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும், ஏனெனில் அதில் செயலிக்குள் தரவு கடக்கும் நேரமும் சேர்கிறது.

கடைசியாக, 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் உள்ள சோதனையையும் ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எக்ஸ்எம்பியை (அல்லது எக்ஸ்போவை) அணைத்து இரு சோதனைகளையும் மீண்டும் ஓட்டி, இரு நிலைகளின் எண்களையும் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள். இடையில் வேறெந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்.