பல் எடுப்பதும் அதற்குப் பிறகும்: முதல் முறை போகிறவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குக் கீழ்த் தாடையில் ஒரு சொத்தைக் கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள். எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த பத்து நாள் பட்ட பாடு பெரிது. அதற்குக் காரணம் மருத்துவர் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்த ஒரு காரியம். போன ஐப்பசியில் என் அம்மாவுக்கு மேல் கடைவாய்ப் பல்லை எடுத்தோம். அவருக்கு 64 வயது, சர்க்கரையும் உண்டு. ஆனாலும் பெரிய தொல்லை இல்லாமல் ஆறிவிட்டது. இந்த இரண்டு தடவையும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பல் போன குழியில் ரத்தம் நிரம்பி, உறைந்து, கருஞ்சிவப்பாக ஒரு கட்டியாக உட்காரும். அடியில் திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் அந்தக் கட்டிதான் மூடிவைக்கிறது. புதுச் சதை வளர்வதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். வீட்டில் "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று சொல்வதில் பெரும்பாலானவை அந்தக் கட்டி பெயர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

1. எடுக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள்

வலி தாங்காமல் "பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். சொத்தை நரம்பு வரை போயிருந்தாலும் வேர் சிகிச்சை செய்து, மேலே கேப் போட்டு, அந்தப் பல்லைப் பல வருடம் வைத்துக்கொள்ள முடியும். ஈறுக்குக் கீழே வரை உடைந்த பல், சுற்றி எலும்பு கரைந்து ஆடுகிற பல், இடமில்லாமல் சாய்ந்து சிக்கி அடிக்கடி வீங்கும் ஞானப்பல், இவற்றைத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும். எக்ஸ்ரே பார்க்காமல் முடிவு வேண்டாம். கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை ஒட்டியே கீழ் ஞானப்பல்லின் வேர் இருக்கலாம். அதனால் அந்தப் பல்லுக்கு முழுத் தாடையும் தெரிகிற ஓபிஜி படம் கேட்பார்கள்.

செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுக்கோட்டையிலும் 2023இல் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள்.

2. ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் என எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போவது நல்லது. அட்டையைப் பார்த்தாலே மருத்துவருக்குப் புரிந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இதயத்துக்கு வரும் ஆபத்து, ஈறில் கொஞ்சம் கூடுதலாகக் கசியும் ரத்தத்தைவிடப் பெரியது. எலும்பு தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் சில, தாடை எலும்பை ஆறவிடாது.

அம்மா மூன்று வருடம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் வலிப் பயம் இல்லை. "மேல் பல்லை எடுத்தா கண்ணு தெரியாம போயிடும்டா" என்பதுதான். இதை நம்புகிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மூன்றாகப் பிரிகிறது. ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய இடத்துக்கும், ஒன்று மேல் பற்களுக்கும், ஒன்று கீழ்ப் பற்களுக்கும் போகிறது. பார்வை இந்த மூன்றிலும் இல்லை. அதற்கென்று தனி நரம்பு கண்ணின் பின்பக்கத்திலிருந்து மூளைக்குப் போகிறது. பல்லை எடுத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பல் போகிற வயதும் கண்ணில் புரை விழுகிற வயதும் ஒன்றாக இருப்பதால்தான் இந்தப் பேச்சு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். உண்மையில் கெட்டுப்போன பல்லை உள்ளேயே வைத்துச் சீழ் பரவ விடுவதுதான் ஆபத்து. மருத்துவர் இதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

3. அன்று காலை

மரத்துப்போகும் ஊசி மட்டும் போடப்போகிறார்கள் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும். அதற்குப் பிறகு சில மணி நேரம் சாப்பிடவும் முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் காலை நேரத்தைக் கேட்டு வாங்கி, வழக்கமான உணவையும் மாத்திரையையும் முடித்துவிட்டுப் போக வேண்டும். முழு மயக்கம் கொடுத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் பட்டினி இருக்கச் சொல்வார்கள். நன்றாகப் பல் தேய்த்துவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

4. நாற்காலியில்

ஊசி குத்தும்போது சுருக்கென்று இருக்கும். மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், அதனால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், பயப்பட வேண்டாம். கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் பாதி உதடும் பாதி நாக்கும் தடித்துப்போனது போலத் தோன்றும்.

பல்லைப் பிடித்து மேலே இழுப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல்லை எலும்போடு கட்டிவைத்திருப்பது ஒரு மெல்லிய நார்ப்படலம். தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். எலிவேட்டர் என்ற சின்னக் கருவியை இடுக்கில் விட்டு நெம்பி, அப்புறம் குறடால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுவார்கள். ஈர மண்ணில் அறைந்த முளைக்குச்சியை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவது போலத்தான். குழி கொஞ்சம் விரிந்து, நார் அறுந்து, பல் தானாகக் கையோடு வரும். அழுத்தம் நன்றாகத் தெரியும், மண்டைக்குள் "கடக்" என்று சத்தமும் கேட்கும். ஆனால் கூர்மையான வலி இருக்கக் கூடாது. இருந்தால் உடனே கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

5. பஞ்சு

குழியின் மேல் மடித்த பஞ்சை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். முப்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை கடித்தபடியே இருக்க வேண்டும். பேசக் கூடாது. நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் பஞ்சோடு வந்துவிடும். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். சங்கடமாக இருக்கும், ஆனால் விழுங்கத்தான் வேண்டும்.

6. முதல் 24 மணி நேரம்

நான் தவறு செய்தது இங்கேதான். அன்று இரவு வாயில் இரும்பு வாடை சகிக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து நாலு தடவை வேகமாகக் கொப்பளித்துத் துப்பினேன். கட்டி பெயர்ந்து போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

எனவே முதல் நாள் கொப்பளிப்பது, துப்புவது, உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். இளநீர் குடிக்கலாம், ஆனால் ஸ்ட்ரா போடாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு, புகையிலை எதுவும் கூடாது. சிகரெட்டை ஒரு வாரமாவது தொடாமல் இருங்கள். சூடான காபி, டீயும் அன்றைக்கு வேண்டாம். மரத்துப்போனது தெளியும் வரை மெல்லக் கூடாது, கன்னத்தையே கடித்துவிடுவீர்கள்.

ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வெளிக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், அதே அளவு நேரம் எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் வீக்கம் என்றாலே வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வந்துவிடுவார்கள். முதல் இரண்டு நாள் அது வேண்டவே வேண்டாம். மஞ்சள், உப்புத்தூள், கிராம்பு எண்ணெய் எதையும் குழியில் வைத்து அடைக்காதீர்கள்.

மரப்பு தெளிவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் வலி ஏறாது. மருத்துவர் எழுதியதை மட்டும், எழுதிய அளவில் போடுங்கள். டெங்கு காய்ச்சல் ஓடுகிற காலத்தில் காய்ச்சலும் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகைகளைத் தொடாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவைப்படாது. எழுதிக் கொடுத்திருந்தால் நடுவில் நிறுத்த வேண்டாம். மெட்ரோனிடசோல் இருந்தால் மது அறவே கூடாது.

அம்மாவுக்குப் பல் எடுத்த அன்று இரவு பத்தரை மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புக் கறை. அவர் முகம் வெளிறிவிட்டது. செல்போன் டார்ச்சை அடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். குழியில் கட்டி இருந்தது, ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிந்தது. ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தால் வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்துப் பிழிந்து, சிறிதாக மடித்து, சரியாகக் குழியின் மேல் வைத்து, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்திக் கடிக்கச் சொன்னேன். நின்றுவிட்டது. அப்புறம் இரண்டு தலையணை வைத்துத் தூங்க வைத்தேன். அப்படிக் கடித்தும் ரத்தம் நிற்காமல் வழிந்தால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

7. சாப்பாடு

குழைய வடித்து ஆறவைத்த தயிர் சாதம்தான் முதல் இரண்டு நாளுக்கு உயிர். ஆனால் தாளிக்காதீர்கள், கடுகு போய்க் குழியில் உட்கார்ந்துகொள்ளும். ராகிக் கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், பருப்பு சாதம், கரண்டியால் ஐஸ்கிரீம் எல்லாம் சரி. காரம், முறுக்கு, மிக்சர், எள்ளுருண்டை ஒரு வாரம் தள்ளி இருக்கட்டும். மறுபக்கத்தில் மெல்லுங்கள்.

8. இரண்டாம் நாளிலிருந்து

24 மணி நேரம் கழிந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துவிட்டு, வாயைத் திறந்து தானாக வழிய விடுங்கள். ஊதித் துப்ப வேண்டாம். மற்றப் பற்களை மெதுவாகத் தேய்க்கலாம். வீக்கம் இரண்டு மூன்று நாள் வரை ஏறி, அப்புறம் இறங்கும். குழியில் வெள்ளையாக, மஞ்சளாக ஒரு படலம் தெரியும். சீழ் என்று பயந்து சுரண்டிவிடாதீர்கள், ஆறுகிற புண்ணின் மேல் வருவது அது. தையல் கரையாத நூலாக இருந்தால் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள்.

மேல் கடைவாய்ப் பல் எடுத்தவர்கள் மூக்கைச் சிந்த வேண்டாம். வேருக்கு மேலேயே சைனஸ் என்ற, மூக்கோடு சேர்ந்த காற்று அறை இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

9. மூன்றாம் நாள் வலி கூடினால்

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். எனக்கு மூன்றாம் நாள் இரவு திடீரென்று ஏறியது. காதுக்குள் கம்பியை விட்டுக் குடைவது போல இருந்தது, வாயில் நாற்றம், மாத்திரைக்கு அடங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் குழி வெறுமையாக இருந்தது, அடியில் எலும்பு வெளிறித் தெரிந்தது. டிரை சாக்கெட் என்பது இதுதான். கீழ்த் தாடையிலும், புகை பிடிப்பவர்களுக்கும் அதிகம் வரும். வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் ஒரு மருந்துத் துணியை உள்ளே வைத்தார். சில நிமிடத்தில் கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நிம்மதி கிடைத்தது. அதை மாற்ற இன்னும் இரண்டு தடவை போனேன்.

காய்ச்சல், மூன்று நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும் வீக்கம், வாய் திறக்க முடியாமல் போவது, மறுநாளும் தெளியாத மரப்பு, இவற்றுக்கெல்லாம் அன்றைக்கே போங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் என்றால் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

10. அந்த இடைவெளி

ஈறு இரண்டு மூன்று வாரத்தில் மூடிவிடும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும். ஞானப்பல் என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம். மற்றக் கடைவாய்ப் பல் என்றால் பக்கத்துப் பற்கள் மெல்லச் சாயும், எதிர்ப் பல் இறங்கியோ ஏறியோ வரும். இம்ப்ளான்ட் (எலும்பில் திருகிப் பொருத்தும் பல்), பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பல்), கழற்றி மாட்டும் பல், மூன்றில் உங்களுக்கு எது சரி, எவ்வளவு செலவு என்று தையல் பிரிக்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள். அம்மாவுக்குக் கழற்றி மாட்டும் பல்லுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.