தாடை எலும்பில் நீர்க்கட்டி: கண்டறிதலும் சிகிச்சையும்

தாடை எலும்புக்குள் வளரும் நீர்க்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில்தான் பலருக்கு அது தற்செயலாகத் தெரியவருகிறது. பல் ஆடுவதும் இடம் மாறுவதும் எலும்பு புடைப்பதும் கட்டி பெரிதான பிறகு வரும் அறிகுறிகள். கிருமி புகுந்தால் வீக்கமும் சீழும் தோன்றும். மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது, ஏனெனில் கட்டி எலும்புக்குள் அப்படியே இருக்கும்.

முதலில் தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. படம் எடுக்க வேண்டும். கட்டி பெரிதாகவோ, கீழ்த்தாடை நரம்புக்கோ மேல்தாடை சைனஸுக்கோ (மூக்கருகே எலும்புக்குள் உள்ள காற்றறை) அருகிலோ இருந்தால், முப்பரிமாணப் படம் தரும் சி.பி.சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். அடுத்ததாக, அவ்விடத்துப் பற்கள் உயிரோடு உள்ளனவா என்று சோதிப்பார்கள். சொத்தையாலோ அடிபட்டோ உள்ளே செத்துப்போன பல்லின் வேர்நுனியில் உருவாவதே மிகப் பரவலான வகை. அது சிறியதாக இருக்கும்போது வேர் சிகிச்சை மட்டுமே போதுமானதாக அமைவதுண்டு. முளைக்காமல் எலும்புக்குள் புதைந்த பல்லின் தலைப்பகுதியைச் சூழ்ந்து வளர்வது இன்னொரு வகை. கீழ்த்தாடை ஞானப்பல்லிலும் மேல்தாடை கோரைப்பல்லிலும் அதை அதிகம் காணலாம்.

மூன்றாவது வகையான கெரட்டோசிஸ்ட்தான் தொல்லை மிகுந்தது. அதன் உறை மெல்லியது, எளிதில் கிழியும். சுற்றிலும் குட்டிக் கட்டிகள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் எடுத்த பிறகும் திரும்ப வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதைப் புற்றல்லாத திசுக்கட்டி வரிசையில் வைத்து, 2017இல் மீண்டும் நீர்க்கட்டி என்றே வகைப்படுத்தியதிலிருந்து, மருத்துவர்களையே இது எவ்வளவு குழப்பியது என்பது விளங்கும். நீர்க்கட்டி அல்லாத, அமெலோபிளாஸ்டோமா என்ற திசுக்கட்டியும் எக்ஸ்ரேயில் இதேபோலத் தெரியலாம். ஆகவே படத்தை மட்டும் நம்பாமல், எடுத்த திசுவைப் பயாப்ஸிக்கு (நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைக்கு) அனுப்புகிறார்களா என்று நோயாளி கேட்டே ஆக வேண்டும்.

சிகிச்சையில் இரு வழிகள் உண்டு. இரண்டும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷின் பெயரோடு இணைந்தவை. உறையோடு கட்டியை முழுதாகத் தோண்டி எடுப்பது ஒன்று. சிறிய, நடுத்தரக் கட்டிகளுக்கு இதுவே வழக்கம். மற்றொன்றில், கட்டியில் ஒரு சாளரம் திறந்து அதன் உள்ளழுத்தத்தைக் குறைப்பார்கள். மாதக்கணக்கில் அது சுருங்க, எலும்பு மெல்ல உள்நோக்கி வளரும். எலும்பு முறியும் அபாயமோ நரம்பு சேதமடையும் அபாயமோ உள்ள பெரிய கட்டிக்கும், முளைக்க வேண்டிய பல்லைக் காப்பாற்ற விரும்பும் சிறாருக்கும் இது ஏற்றது. ஆனால் அந்தத் துளையை நோயாளியே தினமும் சிரிஞ்சால் கழுவ வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர் இவ்வழியைத் தேர்வதற்குமுன் யோசிப்பது நல்லது.

கீழ்த்தாடை அறுவைக்குப் பிறகு உதடு சில காலம் மரத்திருக்கக்கூடும். பெரிய குழியாக இருந்தால், எலும்பு உறுதிப்படும்வரை மென்மையான உணவையே உண்ண வேண்டும். மேல்தாடையில் சைனஸை ஒட்டிய அறுவையானால் சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. குழி முழுவதும் எலும்பால் நிரம்ப ஓராண்டு, சில வேளை அதற்கு மேலும் ஆகும். கெரட்டோசிஸ்ட் என்று பயாப்ஸி சொன்னால், முதல் ஐந்தாண்டுகள் ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுப்பதும், அதன் பிறகும் இடைவெளி விட்டுத் தொடர்வதும் அவசியம். ஊரோ மருத்துவரோ மாறினாலும் பயாப்ஸி அறிக்கையையும் பழைய படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவை இல்லாமல், தெரிவது புதிய கட்டியா, இன்னும் ஆறாத பழைய குழியா என்று அடுத்த மருத்துவரால் பிரித்தறிவது கடினம்.