கம்பியில்லா மவுஸ் தடுமாறியதற்கான காரணம்

மடிக்கணினியில் அம்புக்குறி நின்று நின்று நகர்ந்து பல நாட்களை வீணாக்கியது. மவுஸின் பேட்டரியை மாற்றியும், டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியும், அடியில் வெள்ளைத் தாளை விரித்தும் பலனில்லை. வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் நகலாகும்போது மட்டுமே தடுமாற்றம் வருவதையும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அப்போதும் சீராக இயங்குவதையும் கவனித்த பிறகே வழி பிறந்தது. இன்டெல் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்குவதுபோல், யூஎஸ்பி 3.0 வழியாக விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு பாயும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. அதே அலைவரிசையில் இயங்கும் மவுஸின் ரிசீவரோ (அதன் சிக்னலைப் பெறும் சிறு யூஎஸ்பி துண்டு) ஹார்ட் டிஸ்க் கேபிளை ஒட்டிய போர்ட்டில் இருந்தது. ரிசீவரை நீளமான யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகி மவுஸின் அருகே வைத்ததும், நகலெடுப்பு நடக்கும்போதே அம்புக்குறி தடையின்றி ஓடியது, பெரும் நிம்மதி. கேபிள் இல்லாதவர்கள் ரிசீவரை மறுபக்க போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம்.