சாலையை அகலப்படுத்துவதா, பஸ்ஸைக் கூட்டுவதா? ஊரே எண்ணிப் பார்க்கும் முறை

கடைவீதியில் நெரிசல் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது "ரோட்டை அகலப்படுத்தணும்" என்பதுதான். பஸ் போதவில்லை என்ற குறை கணக்கில் ஏறுவதே இல்லை. சாலைத் திட்ட அறிக்கையில் எண்ணப்படுவது வண்டிதான், அதில் இருக்கும் ஆள் இல்லை. வண்டிகளை விட ஆட்களுக்கே சாலையில் முன்னுரிமை என்று 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. அந்த ஆள் கணக்கை ஏழு பேர் இருந்தால் ஒரே நாளில் ஊரே போட்டுவிடலாம்.

செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்த நாள், சந்தை நாள், பள்ளி விடுமுறை ஆகாது. சந்தை நாள் நெரிசல்தான் பிரச்சினை என்றால் அதைத் தனியாக எண்ணுங்கள், இதோடு கலக்காதீர்கள். நேரம் காலை 7 முதல் 11, மாலை 4 முதல் 8.

நிற்கும் இடம் முக்கியம். சிக்னலிலோ முக்கூட்டிலோ நின்றால், அந்தச் சந்திப்பு எத்தனை வண்டியை விடுகிறதோ அதுதான் கணக்கில் வரும். வர நினைத்த வண்டிகள் பின்னால் வரிசையில் கிடக்கும். வரிசையின் வாலையும் தாண்டி, குறைந்தது 150 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒரு திசைக்கு இருவர்: ஒருவருக்கு பைக் மட்டும், மற்றவருக்கு மீதி எல்லாம். பஸ் நிறுத்தத்தில் ஒருவர், மாற்றிவிட இருவர். நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது கோடு என்று போட்டு, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் மாற்றுங்கள். உச்ச மணி என்பது 8 முதல் 9 என்று கடிகாரம் சொல்வது இல்லை. அடுத்தடுத்த நான்கு கட்டங்களில் எந்தக் கூட்டுத்தொகை அதிகமோ அதுதான், 8.15 முதல் 9.15 ஆகவும் இருக்கலாம்.

பஸ்ஸுக்குள் இருக்கும் தலைகளை எண்ண முடியாது, அதற்குக் குறி போடுங்கள். பாதி இருக்கை காலி என்றால் 1, எல்லோரும் உட்கார்ந்திருந்தால் 2, நடுவில் நிற்கிறார்கள் என்றால் 3, படிக்கட்டில் தொங்கல் என்றால் 4. 48 இருக்கை பஸ்ஸுக்கு இவற்றை 24, 48, 65, 80 என்று எடுத்துக்கொள்ளலாம். முந்தின நாளே பத்து பஸ்ஸில் ஏறி எண்ணிப் பார்த்து, இந்த எண்களை உங்கள் ஊருக்குத் திருத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மொத்தக் கணக்கும் ஆடும்.

நிறுத்தத்தில் இருப்பவர் குறிக்க வேண்டியவை மூன்று: பஸ் வந்த நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள், நிற்காமல் போன பஸ்கள். நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். 'மணிக்கு நாலு பஸ்' என்று அட்டவணை சொல்லும். அவை 8.00, 8.03, 8.30, 8.33 என்று ஜோடி ஜோடியாக வந்தால் சராசரிக் காத்திருப்பு 12 நிமிடத்தைத் தாண்டும். கால் மணிக்கு ஒன்றாக வந்திருந்தால் ஏழரை நிமிடம்தான். ஒரு பஸ்கூடக் கூட்டாமல், புறப்படும் நேரத்தை மாற்றினாலே தீரும் குறை இது.

இனி கூட்டல். ஒவ்வொரு வண்டியையும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்ற வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வெளியிட்ட 106ஆம் எண் நகர்ச்சாலை வழிகாட்டியில் கார் 1. மொத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பைக் 0.75, மற்றவை ஒவ்வொன்றும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆட்டோ 1.2, வேன் 1.4, பஸ் 2.2.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. உச்ச மணியில் ஒரு திசையில் 600 பைக், 130 கார், 40 ஆட்டோ, 30 வேன், 14 பஸ். கார் அலகில் 801. ஆள் கணக்கில் பைக்குக்கு 1.4, காருக்கு 1.8, ஆட்டோவுக்கு 2.5, வேனுக்கு 2, பஸ்ஸுக்கு 55 என்று வைத்தால் 2,004 பேர். இதில் பஸ் அடைத்த இடம் 31 அலகு, அதாவது 4 சதவீதத்துக்கும் குறைவு. ஏற்றிப்போனதோ 770 பேர், 38 சதவீதம்.

எதிர்த்திசையில் 420 அலகு என்றால் மொத்தம் 1,221. இங்கேதான் அறிக்கைகளில் ஒரு விஷயம் நழுவும். இருவழி, இரண்டு தடச் சாலைக்கு இரு திசையும் சேர்த்து மணிக்கு இத்தனை கார் அலகு என்று அதே வழிகாட்டி தரும் கொள்ளளவு மூன்று: ஓரத்தில் வாசல்களும் இல்லை, நிறுத்திய வண்டியும் இல்லை என்றால் 1,500, வாசல் உண்டு, வண்டி நிறுத்தம் இல்லை என்றால் 1,200, கடை வாசல், நிறுத்திய வண்டி, குறுக்குப் போக்குவரத்து எல்லாம் இருந்தால் 900. அதே தார், அதே அகலம். ஓரத்தில் நிற்கும் பைக்குகளும் லோடு இறக்கும் வேன்களும்தான் 300 அலகைத் தின்கின்றன. 900ஐ வைத்துப் பார்த்தால் 'அகலப்படுத்து' என்றுதான் விடை வரும்.

அகலப்படுத்தாமல் பாருங்கள். நெரிசல் திசையில் மணிக்கு 4 பஸ் கூடுதல். இடம் 220 பேருக்கு. எல்லோரும் பைக்கை விட்டு வருவார்கள் என்று கனவு காண வேண்டாம், பாதிப் பேர் என்று வையுங்கள். 79 பைக், 59 அலகு குறையும். பஸ் போகவர 18 அலகு கூடும். மொத்தம் 1,180. ஓர நிறுத்தத்தை எடுத்துவிட்டால் 1,200க்குள் அடங்கிவிடுகிறது.

இந்த முறை எப்போதும் பஸ் பக்கமே சாயும் என்று நினைக்காதீர்கள். ஊரின் இரண்டு எல்லையிலும் லாரி, கார்களின் கடைசி நான்கு எண்ணைக் குறித்து, ஊரைக் கடக்கும் நேரத்துக்குள் இரண்டு பக்கமும் தென்பட்டவற்றைப் பொருத்துங்கள். பாதிக்கு மேல் பொருந்தினால் அவை ஊருக்கு வந்த வண்டிகளே அல்ல; புறவழிச்சாலை கேட்பதுதான் நியாயம்.

அடுத்து தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நெடுஞ்சாலைத் துறையிடம் போக்குவரத்துக் கணக்கெடுத்த தேதிகளையும், ஆண்டு வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று வைத்தார்கள் என்பதையும் கேளுங்கள். 5 சதவீதம் என்றால் 15 ஆண்டில் வண்டி 2.08 மடங்கு, 7.5 என்றால் 2.96 மடங்கு. இந்த ஒரு எண்ணே ஆறுவழிச்சாலையை உருவாக்கிவிடும். பஸ் கழகத்திடம் வசூலைக் கேட்காதீர்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் வசூல் கூட்டத்தைக் காட்டாது. நடை வாரியாகக் கொடுத்த டிக்கெட் எண்ணிக்கையை, கட்டணமில்லா டிக்கெட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கணக்குத் தாளை கிராம சபைத் தீர்மானத்தோடு இணைத்து, கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு படி, பஸ் கிளை மேலாளரிடம் ஒரு படி கொடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதாக தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஏ பிரிவில் அறிவிக்கை வந்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை. அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுத்தில் போய்ச் சேர வேண்டும். பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து எண்ணித்தான் பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.