வெயில் காலத்தில் முட்டைக் கோழிக்குத் தண்ணீரில் என்ன கலக்கலாம்?

நாமக்கல் பக்கம் பங்குனி பிறந்தாலே கோழிகள் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் தணிக்க வேண்டும். அப்படி மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால், ஓடு உருவாகத் தேவையான பைகார்பனேட் ரத்தத்தில் குறைகிறது. ஓடு கெட்டியாகாத தோல் முட்டையும் கீறல் முட்டையும் கூடுவது இதனால்தான். அந்த நேரத்தில் கோழி தீவனத்தை அதிகம் தொடாது, தண்ணீரைத்தான் தேடும். அதனால் கொடுப்பதைத் தண்ணீரிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே வைட்டமின் சி கொடுங்கள். குளோரின் போட்ட தண்ணீரில் கலந்தால் அது வீணாகிவிடும். சமையல் சோடாவோடு சேர்த்தாலும் அப்படித்தான். பதினொரு மணிக்கு மேல் எலக்ட்ரோலைட் (தாது உப்புக் கலவை), இல்லையென்றால் லிட்டருக்கு 1 கிராம் சமையல் சோடா. இரண்டில் ஒன்று போதும். நம்ம ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே உப்பு. அதைப் பரிசோதிக்காமல் மேலும் உப்பைச் சேர்த்தால் எச்சம் தண்ணீராகப் போகும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், மதியம் இரண்டு மணிக்கு, கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிளை விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சுட்டால் கோழி குடிக்காது, அப்புறம் எதைக் கலந்து என்ன பயன்? தொட்டிக்கு மேலே ஓலை வேயுங்கள், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள், குழாயில் நிற்கும் சூட்டுத் தண்ணீரை மதியம் ஒருமுறை திறந்துவிடுங்கள். சாயங்காலம் குழாயை அலசிவிட வேண்டும், மருந்துப் படிவு நிப்பிளை அடைத்துவிடும்.